கறுப்பு இறகு வெளியே

கிளென் ஈடன், ஆக்லாந்து
9 மார்ச் 2024

அன்புத் தங்கை கோதைக்கு,

அண்ணன் நல்லசாமி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி ரத்னா, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். அங்கே டிமாருவில் நீயும் மாப்பிள்ளை சரத்தும் அபிதாக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முதுகுவலி இப்போது தேவலையா?

பார்சலைப் பிரித்ததும் கடிதத்தை ஓரமாகப் போட்டுவிட்டு ஆறு அம்பையும்தான் கையில் எடுத்திருப்பாய். பரவாயில்லை, பார்த்துவிட்டே படி. வாட்ஸ்அப்பில் போட்டால் நம் சொந்தக்காரர்கள் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காலை வணக்கப் படத்துக்குப் போய்விடுவார்கள். என் அருமை உனக்காவது தெரியட்டும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

தண்டு ஒரிகன் மரம். லேசு, நேர், ஆனால் முனையில் அடி பட்டால் இரும்புக்குப் பின்னாலேயே ஒடிந்துவிடும். அதனால் முன்பக்கம் ஒரு சாண் அளவுக்குக் கெட்டி மரம் ஒட்டியிருக்கிறேன். இங்கே வில்காரர்கள் அதை ஃபுட்டிங் என்கிறார்கள். தண்டின் நுனியை ஆப்பு மாதிரி சீவி, கெட்டி மரத்தை நடுவில் அறுத்து, அந்தப் பிளவுக்குள் ஆப்பைச் செருகி, பசை போட்டு, பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டிவைக்க வேண்டும். காய்ந்த பிறகு இழைப்புளியால் உருட்டி எடுத்தால் வெளுத்த மரத்துக்குள் பழுப்பு மரம் கூர்கூராக இறங்கியிருக்கும். அந்தப் பழுப்பு மரம் ஒனிஹங்காவில் வீடு இடித்த இடத்தில் கிடைத்த பூரிரி வேலிக்கால். நான் அதைத் தோளில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்ததைப் பார்த்து உன் அண்ணி ஒரு வாரம் பேசவில்லை.

இன்னொன்றும் பார். மரத்தின் ரேகை தண்டில் நீளமாக ஓடி, ஓர் இடத்தில் வெளியே வந்து முடியும். அந்த முடிவு மேல்பக்கம் வருகிற மாதிரி வைத்துத்தான் இறகு ஒட்டியிருக்கிறேன். என்றைக்காவது அம்பு முறிந்தாலும் சிலும்பு மேலே போய்விடும், வில் பிடித்த கைக்குள் இறங்காது. நீ இதையெல்லாம் யோசித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். மூன்று இறகில் ஒன்று கறுப்பு. அது வில்லுக்கு வெளியே பார்க்கட்டும். மற்றதை அண்ணன் பார்த்துக்கொண்டேன்.

உன் வில்லின் பலம் கேட்டேன், கை நீளம் கேட்டேன். எந்தக் கை என்று மட்டும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? அப்பாவின் ஸ்கேல் இருந்த வீட்டில் பீச்சாங்கைக்காரர் யாராவது மிஞ்ச முடியுமா!

வேட்டையில் அந்தக் குட்டிக் கங்காரு, வாலபி, கிடைத்தால் தொடைக்கறி அண்ணன் பங்கு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன் நல்லதை நினைக்கும்
அண்ணன்


டிமாரு
4 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோதையின் வணக்கம். எல்லோரும் நலம். முதுகுவலி போய்விட்டது. ஊரார் கையில் ரத்தம் எடுத்து எடுத்துக் குனிந்த முதுகுக்கு வில் பிடிப்பதுதான் மருந்து என்று சரத்திடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை.

அம்பு அவ்வளவு அழகு. பக்கத்து வீட்டுக்காரம்மா சுவரில் மாட்டச் சொன்னார். நான் மாட்டவில்லை. போன சனிக்கிழமை வில் கிளப்காரர்களோடு வைமாட்டே மலைக்குப் போனேன். ஒரு வாலபி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. எய்தேன். அது பாட்டுக்குத் தாவிப் போய்விட்டது, அம்பு பாறையில் போய் மோதியது. போச்சு, அண்ணன் உழைப்பு போச்சு என்று ஓடினேன். எடுத்துப் பார்த்தால் முனையில் ஒரு கீறல்கூட இல்லை! கூட வந்தவர்கள் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். என் அண்ணன் செய்தது என்று சொல்லிக்கொண்டேன்.

கறுப்பு இறகை நீங்கள் சொன்ன மாதிரியே வெளியே பார்த்துத்தான் வைக்கிறேன்.

அபிதா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பென்சிலை இடது கையில்தான் பிடிக்கிறாள். டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கை பற்றி நீங்கள் எழுதியதற்கு ஒரு பதில் எழுதி, அடித்துவிட்டேன். இன்னொரு நாள் எழுதுகிறேன். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
கோதை


கிளென் ஈடன்
21 ஏப்ரல் 2024

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம், மழைதான் விட்டபாடில்லை. கராஜில் பசை காய மாட்டேன் என்கிறது.

உன் கடிதத்தை எங்கள் வில் கிளப்பில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். பாறை தோற்றது, பூரிரி ஜெயித்தது! அங்கேயே நாலு பேர் தங்களுக்கும் இதே மாதிரி வேண்டும் என்றார்கள். ஐ.டி. வேலை போனாலும் கஞ்சிக்குப் பஞ்சமில்லை என்கிறாள் உன் அண்ணி. நீ வில் வளைத்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு. கிளப் சுவரில் ஒட்ட வேண்டும்.

அபிதா விஷயத்தில் அசட்டையாக இராதே. இப்போதே மாற்றிவிட்டால் பின்னால் தொந்தரவில்லை. உன்னையே பார், எவ்வளவு சுத்தமாக மாறினாய். இன்றைக்கு யாருக்காவது தெரியுமா?

போட்டோ மறக்காதே.

அன்பு அண்ணன்


டிமாரு
6 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன். பயப்பட வேண்டாம், இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன மாதம் அம்பு விடும்போதே முறிந்துவிட்டது. பாறையில் பட்ட அதே அம்புதான். ஒரு நீளச் சிலும்பு வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நுழைந்து மறுபக்கம் வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். நரம்பு ஒன்று அறுந்திருந்ததைத் தைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் எவ்வளவு மடங்கும் என்று போகப்போகத்தான் தெரியுமாம். ஊசி பிடிக்க முடியாததால் லேபில் என்னை வரவேற்பு மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

வலது கை என்று படித்ததும் உங்களுக்குப் புரிந்திருக்கும். வில்லை வலது கையில் பிடித்து, நாணை இடது கையால்தான் இழுக்கிறேன். முதல் நாள் கிளப்பில் வில்லைக் கொடுத்தபோது கை தானாக அப்படிப் போனது. யாரும் கையைத் தட்டிவிடவில்லை. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. ஆனால் உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தக் கேலியைப் படித்த பிறகு சுத்தமாக வாய் வரவில்லை. போட்டோ அனுப்பாததும் அதனால்தான்.

சரத் கோபமாக இருக்கிறார். நான் ஏதோ தப்பாகச் செய்திருக்கிறேன். என்ன என்றுதான் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள் அண்ணா. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

கோதை


(இந்தக் கடிதம் அன்று தபாலில் சேரவில்லை.)

கிளென் ஈடன்
15 ஜூன் 2024

கோதை,

என்னவென்று எனக்குத் தெரியும். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை.

வில்லை வலது கையில் பிடித்தால் அம்பு வில்லின் வலப்பக்கம் உட்காரும். அங்கே கறுப்பு இறகை வெளியே திருப்பினால் அம்பு தலைகீழாகப் புரண்டுவிடும். நான் மேலே வைத்த ரேகை கீழே போய்விடும். முறிந்தால் சிலும்பு நேராகக் கைக்குள் இறங்கும். நீ நான் சொன்னதைச் சொன்னபடி செய்தாய், அதனால்தான் அடிபட்டது.

எந்தக் கை என்பது அம்பு செய்கிறவன் கேட்கிற முதல் கேள்வி. இங்கே முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்களிடம்கூடக் கேட்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கறுப்பு இறகை மறுபக்கம் ஒட்டியிருப்பேன். அதற்குக் கூடுதல் வேலைகூடக் கிடையாது.

பாறையில் பட்ட அம்பைத் திரும்ப எய்யக்கூடாது. கெட்டி மரம் முனையைக் காப்பாற்றிவிடும், அடி பின்னால் தண்டுக்குப் போய் உள்ளே விரிசல் விடும். இதுவும் எனக்குத் தெரியும். உன் கடிதத்தைப் படித்த அன்றே எழுதியிருக்க வேண்டும். பாறை தோற்றது என்று குதித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது கோதை, உன் முகத்தில் எப்படி


கிளென் ஈடன்
19 ஜூன் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து மிகவும் வருந்தினோம். உன் அண்ணி அழுதுவிட்டாள். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று திருமுருகன் கோயிலில் அர்ச்சனை செய்தோம்.

மரம் என்றால் அப்படித்தான், எந்த நேரத்தில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. எய்வதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அம்பை லேசாக வளைத்து, காதருகே வைத்துச் சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். அது எய்கிறவர் பொறுப்பு. நீ கேட்டாயா என்று எழுதவில்லை. தவிர, பழகாத கையில் நிதானம் இருக்காது, இழுப்பும் கோணலாகும். இடது கை என்பதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

உடைந்த துண்டை வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வருந்தாதே. குப்பையில் போட்டுவிடு.

மஞ்சள் பால் குடி. அடுத்த மாதம் பிளாட் புஷ்ஷில் மாப்பிள்ளையின் சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருவீர்கள் அல்லவா? நேரில் பார்ப்போம்.

அன்பு அண்ணன்


டிமாரு
24 ஜூலை 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். அண்ணி கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியை அபிதா வெறுமனே தின்று தீர்த்துவிட்டாள்.

பிளாட் புஷ்ஷில் ஹாலில் எல்லோரும் உங்களைச் சுற்றி உட்கார்ந்து என் கையைப் பற்றிக் கேட்டபோது நான் சமையலறையில்தான் இருந்தேன். "பழகாத கையில எய்தா அப்படித்தானுங்க ஆகும். அம்பை ஒரு தடவை வளைச்சுப் பாத்திருக்கோணும், அதையும் செய்யல" என்று நீங்கள் சொன்னது கேட்டது. யாரோ சிரித்தார்கள். சரத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெளியே வர முகமில்லை, பாயசம் பரிமாற வேறு ஆளை அனுப்பச் சொன்னேன். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நான் அம்பை வளைத்துப் பார்க்காதது உண்மைதானே.

வந்த பிறகு நிறைய யோசித்தேன். எனக்கு எது இயல்பு என்று நினைத்தேனோ அதுவே என் கையைக் குத்திவிட்டது. அபிதாவுக்கு இது வேண்டாம். சாப்பிடும்போதும் எழுதும்போதும் அவளுடைய இடது கையில் ஒரு சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் ரிப்பன் கட்டிவிடுகிறேன். சரத் சொல்லவில்லை, நானேதான். ஏன் என்று கேட்டாள். அம்மாவுக்கு அடிபட்டதைக் காட்டினேன். முதல் இரண்டு நாள் அழுதாள். இப்போது தானே கையை நீட்டுகிறாள்.

நீங்கள் ஏப்ரலில் எழுதியதை அப்போதே கேட்டிருக்கலாம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

கோதை


டிமாரு
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அண்ணியிடம் போனில் கேட்டேன், கராஜிலேயே கிடக்கிறார் என்றார்.

என் கட்டைவிரல் பாதிதான் மடங்குகிறது. இனி இவ்வளவுதான் என்கிறார்கள்.

வில்லை விற்றுவிட்டேன். வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் இருக்கிறது. இடது கை வில்லாக இருப்பதால் ஆள் கிடைக்காது என்று சரத் சொன்னார். ஆஷ்பர்ட்டனிலிருந்து நிமலன் என்று ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி போன் செய்தார். "ஓம் அக்கா, நானும் இடக்கைதான். தமிழாக்களிட்ட இப்பிடியொரு வில்லு கிடைக்குமெண்டு நினைக்கேல்ல" என்று ஒரே குதூகலம். அடுத்த சனிக்கிழமை எடுத்துப் போக வருகிறார். உங்கள் அம்புகளில் மீதம் உள்ளதையும் அவருக்கே கொடுத்துவிடுகிறேன். கறுப்பு இறகு வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். பெட்டிக்குள் கிடப்பதை விட யாருக்காவது பயன்படட்டும்.

உங்களுக்குச் சம்மதம்தானே?

கோதை


கிளென் ஈடன்
8 செப்டம்பர் 2024

கோதைக்கு,

நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை போனில் "அம்பைக் குடுக்காத" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று நீ கேட்டாய். ரயில் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ரயில் எதுவும் வரவில்லை. நான் கராஜில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய்ச் சொல்லில் முடிகிற விஷயத்துக்கு ரயிலைக் கூப்பிடுகிற ஆளாகிவிட்டேன்.

இத்தோடு ஜூன் பதினைந்தாம் தேதி எழுதிய கடிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் இருக்கிறது. அதை நாலு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, கராஜ் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு உன்மேலேயே பழியைப் போட்டு வேறொன்று எழுதி அனுப்பினேன். துண்டைக் குப்பையில் போடு என்று எழுதியது உன் வருத்தத்துக்காக இல்லை. விவரம் தெரிந்த யாராவது அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் ரேகை கீழே இருப்பது தெரிந்துவிடுமே என்ற பயத்தில் எழுதினேன்.

உன் இடது கை எந்தத் தப்பும் செய்யவில்லை. அது நிதானமாகத்தான் இழுத்தது. அம்புதான் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. தெரிந்துகொண்டே பழகாத கை என்று எழுதினேன், சபையிலும் சொன்னேன். அங்கே எல்லோரும் என் அம்பைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெருமையை விட மனம் வரவில்லை.

நேற்று பிளாட் புஷ்ஷுக்குப் போய்ச் சித்தப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். "விடுங்க தம்பி, பொம்பளப் புள்ளைக்கு வில்லு எதுக்குங்க" என்று டீயைக் கொடுத்தார். "என் தப்புன்னு சொல்லத்தானுங்க வந்தேன், அவளுக்கு வில்லு வேணுமா வேண்டாமான்னு கேக்க வரல" என்றேன். டீ குடிக்காமல் வந்துவிட்டேன். மாப்பிள்ளைக்கும் தனியாக எழுதுகிறேன். கிளப்பில் கொடுத்த அம்புகளையெல்லாம் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன், அவை சரியாக இருக்கின்றன. ஊரார் கேட்டு வாங்கியதெல்லாம் சரி, உனக்குச் செய்ததுதான் தப்பு.

நிமலன் தம்பிக்கு அம்பு நான் புதிதாகச் செய்து தருகிறேன், கேட்டுவிட்டு. உன் கடிதத்தில் சாக்ஸ் என்று படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதாவது எழுதியிருக்க வேண்டும். அபிதாவின் கையை அவிழ்த்துவிடு கோதை. என்னை நீ மன்னிக்க வேண்டாம், அதை மட்டும் செய்.

நல்லசாமி


டிமாரு
29 செப்டம்பர் 2024

அண்ணாவுக்கு,

அம்புகளை நிமலனுக்குக் கொடுக்கவில்லை. அவர் வில்லை மட்டும் எடுத்துப் போனார். நீங்கள் எழுதியதைச் சரத்துக்குப் படித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வில்லைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று மறுநாள் கேட்டார். எனக்கு இப்போது தெரியவில்லை.

உங்கள்மேல் கோபம் இருக்கிறது. பிளாட் புஷ்ஷுக்குப் போனதற்குச் சந்தோஷமும் இருக்கிறது. இரண்டும்தான் இருக்கிறது.

கடிதம் வந்தபோது அபிதா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், இடது கையில் சாக்ஸோடு. நின்றபடியே இரண்டையும் படித்தேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பனை அவிழ்த்தேன். "இனிமே இது வேண்டாங் கண்ணு. உனக்கு எந்தக் கை வருதோ அந்தக் கையில சாப்புடு" என்றேன்.

அவள் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "நோ அம்மா. தட்ஸ் த பேட் ஹேண்ட். இட் ஹர்ட் யூ" என்றாள்.

தினமும் சொல்லிப் பார்க்கிறேன் அண்ணா. தினமும் அதன் மேல்தான் உட்காருகிறாள்.

கோதை